பட்டணத்து வில்

மேல்சித்தாமூரில் வில்லுப்பாட்டு என்பது வெளியூர்ச் சரக்கு. செஞ்சிக் கோட்டையைச் சுற்றிய இந்தச் சீமைக்குச் சொந்தமானது தெருக்கூத்து. வேனிற்காலம் பிறந்ததும் திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடந்து, தீமிதியில் முடியும். அதற்கு அடுத்தபடி, 1714-ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேஜ்சிங்கை ராஜா தேசிங்கு என்று கொண்டாடும் கதைப்பாட்டு. இவ்வூர்ச் சமண மடத்தைத் தரிசிக்க வருகிறவர்களைக்கூட, தேசிங்கின் குதிரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் நாம் அனுப்புவதில்லை. வில்லோ திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் பிறந்து வளர்ந்த கலை. அது நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது வானொலிப் பெட்டியின் மூலமாகத்தான்.

அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ‘தந்தனத்தோம்’ என்று எழுந்த குரல் ஸ்ரீ சுப்பு ஆறுமுகத்தினுடையது. நாம் அப்போது சிறு பிள்ளை. வில்லைக் கண்ணால் கண்டதில்லை. மணியோசையைக் கேட்டுவிட்டு, வாசலில் யாரோ வண்டி மாட்டை அவிழ்க்கிறார்கள் என்று எண்ணி எட்டிப் பார்த்ததுண்டு. ஆயினும் அவர் ஒன்று சொல்ல, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று அதை வாங்கிக்கொண்டு ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்க, அந்தக் கேள்வியிலிருந்தே கதை மேலே செல்லும் போக்கு மட்டும் நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. கூத்திலே கட்டியங்காரன் ராஜாவையே மடக்கிக் கேட்பதும் இந்த வகைதான் அன்றோ?

1928-இல் நெல்லைச் சீமையின் சத்திரம்புதுக்குளத்தில் பிறந்த ஸ்ரீ சுப்பு ஆறுமுகம், 2022 அக்டோபரில் சென்னையில் காலமானார். ‘பத்மஸ்ரீ’ அவரைத் தேடி வந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பெயரைச் சர்க்கார் தெரிந்துகொள்ள அத்தனை காலம் பிடித்தது. அவருடைய மறைவுச் செய்தியைப் படித்த நாள் முதல், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் திண்டிவனம் சென்று பஸ் ஏறிப் பட்டணம் போவதும், சாயங்கால வேளைகளில் அவருடைய சுவடுகளைத் தேடி அலைவதும் நமக்கு வழக்கமாகிவிட்டன.

முதலில் போனது சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த அல்லிக்குளம். 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பிறகு பழைய புத்தக வியாபாரிகள் ஒதுங்கிய இடம் அது. இராமாயணத்தையும் பாரதத்தையும் அவர் வில்லிசையாக எழுதியிருக்கிறாரே, கிடைக்குமா என்று கேட்டோம். ஒரு வியாபாரி பரீட்சைக் கையேடுகளின் குவியலைக் குடைந்து, ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலை எடுத்து நீட்டினார். “சுப்புதானே சார் கேட்டீங்க?” என்றார். அவர் பேரில் தவறில்லை. அதை எழுதிய கொத்தமங்கலம் சுப்புவும் மகாத்மாவின் சரித்திரத்தை ‘காந்தி மகான் கதை’ என்று பாடி வில்லடித்தவர்தாம். ஒரே பெயரில் இருவர் ஒரே கதையைப் பாடினால் உலகம் குழம்பத்தானே செய்யும்! நாவலை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மற்றொரு மாலை, தியாகராய நகரில் வாணி மஹாலுக்கு அருகே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் சிலையடியில் நின்றோம். 1969 ஜனவரியில், தமது மரணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, அறிஞர் அண்ணா திறந்து வைத்த சிலை. வில்லைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்த கதை இந்த மனிதரிடமிருந்துதான் தொடங்குகிறது. நாகர்கோயிலைச் சேர்ந்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணருக்கு வில்லோசை தாலாட்டு மாதிரி. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947 ஏப்ரலில் விடுதலையாகி அவர் மீண்டு வந்தார். ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜனவரி 30-இல் மகாத்மா சுடப்பட்டார். நெல்லையில் இளைஞராயிருந்த சுப்பு ஆறுமுகத்தைக் கலைவாணர் சென்னைக்கு அழைத்து வந்ததும், காந்தியின் கதையை அவர் கலைவாணருக்காக வில்லுப்பாட்டாக எழுதியதும் அதன் பின்னர்தான்.

இந்த இடத்தில் நம் நண்பர் ஒருவரின் ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் நெல்லைப் பக்கத்துக்காரர்; சென்னையில் உத்தியோகம். நம்முடைய அலைச்சலைக் கண்டு சிரித்தார். “வாத்தியாரையா, எங்கள் ஊர்க் கொடையில் வில் அடித்தால் சாமி வரும். பட்டணத்து வில்லுக்குக் கைதட்டல்தானே வரும்?” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. தெற்கே வில்லுப்பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை நடக்கும்போது, அந்தத் தெய்வத்தின் கதையைத்தான் பாடுவார்கள். தெய்வத்துக்கு முன்னால் குடத்தை வைத்து, அதன் கழுத்தில் வில்லைப் பிணைத்து, வில்லில் மணிகள் தொங்க, பாட்டுத் தலைவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடிப்பார். உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்துகொள்ளும். குடத்தின் வாயை ஒருவர் விசிறி போன்ற மட்டையால் அடிக்க, அதிலிருந்து எழும் கும்மென்ற நாதம் நெஞ்சுக்குள் போய் இடிக்கும். இரவு முதிர முதிரக் கதையும் முதிரும். கதாநாயகன் வெட்டுண்டு வீழும் கட்டம் வரும்போதுதான் கூட்டத்தில் ஒருவர்மேல் தெய்வம் இறங்கும்.

ஏன் அந்தக் கட்டத்தில்? நம்முடைய பட்டணத்து மாலைகள் பலவற்றை இந்தக் கேள்வியே தின்றுவிட்டது. வில்லில் பாடப்படும் தெய்வங்களில் பலர் மனிதராய்ப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். முத்துப்பட்டன் பிராமண குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்த் திருடர் கையில் மாண்டவன். இன்றும் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்குச் சந்நிதி உண்டு. ஜாதி வேலியைத் தாண்டியவன், பிறர் பொருட்டு மாண்டவன், மாண்டபின் வணங்கப்பட்டவன். இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு பிர்லா மாளிகைத் தோட்டத்தில் நடந்ததை எண்ணிப் பார்த்தால், கலைவாணர் காந்தியை வில்லில் ஏற்றியது எப்படிப் புதுமையாகும்? வில் எப்போதும் யாரைப் பாடி வந்ததோ அப்படிப்பட்ட ஒருவரைத்தான் 1948-லும் பாடிற்று. பட்டணத்து வில் வேரற்றது என்று சொல்பவர்களுக்கு நாம் கூறும் பதில் இதுவே. நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. காப்பிக்குப் பணம் மட்டும் அவரே கொடுத்தார்.

1957-இல் கலைவாணர் மறைந்த பின் வில்லின் பாரம் முழுவதும் ஸ்ரீ சுப்பு ஆறுமுகத்தின் தோளில் விழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அதைச் சுமந்தார். நகரத்துச் சபைகளுக்கு ஏற்ப ‘வில்லிசை’ என்று பெயரும் கௌரவமாக மாறிற்று. (நமக்கென்னவோ பழைய பெயரே இனிக்கிறது.) சர்க்காரின் பிரசாரங்களுக்கும் வில் வளைந்துகொடுத்ததுண்டு, முத்துப்பட்டனைப் பாடிய கருவி சிறுசேமிப்பைப் பாடினால் சிரிப்பு வரும் என்பது மெய்தான். அவர் அந்தச் சிரிப்பையும் கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். பக்கப்பாட்டுக்காரரைச் சபையின் பிரதிநிதியாக்கி, சபையோர் கேட்கத் தயங்குவதையெல்லாம் அவர் வாயால் கேட்க வைத்தார். அவர் மகள் ஸ்ரீமதி பாரதி திருமகன் நெடுங்காலம் தந்தைக்குப் பக்கத்தில் இருந்து பாடியவர். இப்போது வீசுகோல் அவர் கையில் இருக்கிறது.

பெண் வில்லடிப்பது பட்டணத்தின் கொடை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்திலேயே கொடை மேடைகளில் வீசுகோல் பிடித்தவர். 2018-இல் வறுமையில் மறைந்தார். அவருக்குச் சிலை எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே பட்டணத்தில் குறைவது எது? ஒரு மாலை, குளிரூட்டிய சபா ஒன்றில் வில்லுப்பாட்டுக் கேட்கப் போனபோது அது விளங்கிற்று. பாட்டில் குற்றமில்லை, குடம் நன்றாகப் பேசிற்று. ஆனால் மேடையில் இருந்தவரைத் தவிர ‘ஆமா’ சொல்ல ஆளில்லை. முந்நூறு பேர் மிகுந்த மரியாதையோடு வாய் மூடி இருந்தோம். முடிந்ததும் கைதட்டினோம். நண்பர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

சென்ற பொங்கல் விடுமுறையில் மீண்டும் பட்டணம் போனோம். 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் புத்துயிர் பெற்ற சென்னை சங்கமம் நடந்துகொண்டிருந்தது. பூங்கா ஒன்றில் கரகமும் பறையும் முடிந்து, தெற்கேயிருந்து வந்த குழுவினர் குடத்தை இறக்கி வைத்தார்கள். கூட்டத்தில் பாதி, பக்கத்துப் பணியாரக் கடையின் முன் நின்றது. கதை தொடங்கிக் கால்மணி நேரம் இருக்கும், பின்னாலிருந்து கனத்த குரலில் “ஆமா!” என்று ஒருவர் சொன்னார். திரும்பிப் பார்த்தோம். பூங்காவின் காவற்காரர், அறுபது பிராயம், கையில் சாவிக்கொத்து. மேடையிலிருந்த அண்ணாவி ஒரு கணம் கோலை நிறுத்தினார். பிறகு பக்கப்பாட்டுக்காரரை விட்டுவிட்டு, அந்தக் காவற்காரரைப் பார்த்தே கதையைச் சொல்லலானார். இவர் அங்கிருந்து கேட்க, அவர் இங்கிருந்து சொல்ல, பணியாரக் கடைக் கூட்டம் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நகர்ந்தது. நாமும் இரண்டு மூன்று இடங்களில் ‘ஆமா’ போட்டோம். முதல் தடவை குரல் சரியாக எழும்பவில்லை.

மங்களம் பாடி முடியும்போது மணி ஒன்பதரை. கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிக்க வேண்டியிருந்தும், காவற்காரரிடம் எந்த ஊர் என்று விசாரித்தோம். நாங்குநேரிப் பக்கம் என்றார். வில்லுப்பாட்டுக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றோம்.

“இருபத்திரண்டு வருசம் ஆச்சு சார்” என்று சொல்லிவிட்டு, அவர் பூங்காவின் கதவைப் பூட்டப் போனார்.