இளையோர் பணியில் கையடக்கத் தொலைபேசி: வாய்ப்பும் வரம்பும்

ஞாயிறு வழிபாடு முடிந்ததும் இளைஞர், யுவதிகள் ஆலய முற்றத்தில் கூடிநின்று அடுத்த ஒன்றுகூடலுக்கான நாளையும் நேரத்தையும் தீர்மானித்த காலம் ஒன்றிருந்தது. இன்று ஒளிவிழாவுக்கான பாடற் பயிற்சி முதல் இரத்ததான முகாம் வரை பெரும்பாலான ஏற்பாடுகள் வட்ஸ்அப் குழுக்களிலேயே நடந்தேறுகின்றன. இம்மாற்றம் நன்றா தீதா என்னும் விவாதம் காலங்கடந்ததாகிவிட்டது. அதனை எவ்வாறு நெறிப்படுத்துவது என்பதே இன்று திருச்சபைகளின் முன்னுள்ள வினாவாகும்.

கையடக்கத் தொலைபேசியினால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. 2008 ஜூலையில் அப்பிள் நிறுவனம் தனது செயலிக் களஞ்சியத்தைத் திறந்தபோது, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த ஒரு திருச்சபை 'யூவேர்ஷன்' என்னும் வேதாகமச் செயலியை இலவசமாக வெளியிட்டது. 2021 இல் அதன் தரவிறக்கம் 50 கோடியைத் தாண்டியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் வேதாகமத்தை வாசிக்கவும், நாளாந்த வாசிப்பை நினைவூட்டவும், நண்பர்கள் சேர்ந்து ஒரே பகுதியை வாசித்துக் கருத்துப் பகிரவும் அது வழிசெய்கின்றது. ஞாயிறு பாடசாலையில் வாரத்துக்கு ஒருமுறை கிடைத்த வாசிப்பு, நாள்தோறும் கைக்கெட்டும் ஒன்றாகியுள்ளது.

எனினும் செயலியால் ஆகாதவையும் உள. 2011 இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் செயலியொன்று அமெரிக்காவில் ஆயர் ஒருவரின் அனுமதியுடன் வெளிவந்தது. குருவை நேரில் சந்திப்பதற்கு அது எவ்வகையிலும் ஈடாகாது என வத்திக்கானின் பேச்சாளர் அப்போதே தெளிவுபடுத்தினார். பாப்பரசர் பிரான்சிஸும் 2019 ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு தினச் செய்தியில், வலையமைப்புகள் நேரடிச் சந்திப்புக்குத் துணைநிற்கும்போதே பயனுடையவை என்னும் கருத்தை வலியுறுத்தியிருந்தார்.

2020 இல் கொரோனா பரவலினால் நாட்டில் ஊரடங்கு அமுலானபோது வழிபாடுகளும் மறைக்கல்வி வகுப்புகளும் இணையவழிக்கு மாறின. பலரை அது ஒன்றிணைத்தது உண்மையே. ஆனால் பிள்ளைகள் மூவருக்கு ஒரே தொலைபேசி உள்ள வீட்டினரும், 'டேட்டா' வாங்க வசதியற்றோரும் அதற்கு வெளியிலேயே நின்றனர். ஆலய அறிவித்தல் வட்ஸ்அப்பில் மாத்திரமே வெளியாகுமாயின், வசதி குறைந்த பிள்ளையே முதலில் விடுபட்டுப்போகும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இவை யாவற்றையும் விடப் பாரதூரமான பிரச்சினை ஒன்றுண்டு. ஆலய மண்டபத்தில் ஆசிரியர் ஒருவர் மாணவியொருத்தியுடன் பேசினால் அதனைப் பலரும் காண்பர். கைத்தொலைபேசியில் நடக்கும் தனிப்பட்ட உரையாடலோ பூட்டிய அறைக்கு ஒப்பானது. வட்ஸ்அப்பின் செய்திகள் 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் மாத்திரம் வாசிக்கக்கூடியவாறு மறைக்குறியாக்கப்படுகின்றன. தாமாகவே அழிந்துவிடும் செய்திகளை அனுப்பும் வசதியும் 2020 இல் அறிமுகமானது. அந்தரங்கத்தைக் காக்கும் இதே வசதிகள், பிள்ளையை வயப்படுத்த முனைபவனுக்கும் மறைவிடமாகலாம். அத்தகையவன் மிரட்டலுடன் தொடங்குவதில்லை. அன்பான விசாரிப்புடன் தொடங்கி, 'இதை வீட்டில் சொல்லாதே' என்பதில் வந்து நிற்பான்.

இளையோர் பணியாளருள் பெரும்பாலானோர் தூய நோக்குடன் உழைப்பவர்களே. ஆயினும் தெளிவான விதிகள் பிள்ளையைக் காப்பதுடன், நேர்மையான பணியாளரையும் வீண்பழியிலிருந்து காக்கின்றன. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010 இல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டல்கள் இவ்விடயத்தில் கவனத்திற்குரியவை. பணியாளரின் தனிப்பட்ட பக்கத்தையும் திருச்சபையின் பக்கத்தையும் வேறாக வைத்திருத்தல், குறைந்தது இரு நிர்வாகிகளை நியமித்தல், பிள்ளைகளுக்கு அனுப்பப்படுபவை பெற்றோருக்கும் கிடைக்கச் செய்தல், உரையாடல்களின் பிரதிகளைப் பேணுதல் ஆகியன அவற்றுட் சில.

எமது ஆலயங்களிலும் இவற்றை நடைமுறைப்படுத்துவது கடினமன்று. 18 வயதுக்குட்பட்டோரைக் குழுவில் இணைக்குமுன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறலாம். ஆணும் பெண்ணுமாக வளர்ந்தோர் இருவர் நிர்வாகிகளாக இருக்கலாம். சாதாரண வட்ஸ்அப் குழுவில் ஒருவரின் இலக்கத்தை ஏனைய அங்கத்தவர் அனைவரும் காணமுடியும் என்பதால், சிறு பிள்ளைகளுக்குரிய தகவலைப் பெற்றோரின் இலக்கத்துக்கே அனுப்புதல் நலம். அனுமதியின்றிப் படங்களைப் பகிரக்கூடாது. பிள்ளையொன்று தன் துயரத்தைத் தனிச்செய்தியில் தெரிவித்தால் அதனைப் புறக்கணிக்காது உடனே ஆறுதலாகப் பதிலளித்து, பொறுப்பானவருக்கு அறிவித்து, பிறர் காணக்கூடிய இடத்தில் நேரில் சந்திக்க வேண்டும். துஷ்பிரயோகம் குறித்த சந்தேகம் எழுமாயின், ஆலயத்தின் நற்பெயர் கருதி அதனை மூடிமறைக்காது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு முறையிடுவதே கடமையாகும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மாத்திரம் உரிய விடயமன்று. அறநெறிப் பாடசாலைகளும் அஹதிய்யாக்களும் மத்ரஸாக்களும் இதே கருவியைக் கொண்டே தம் பிள்ளைகளுடன் தொடர்பு கொள்கின்றன. ஆசிரியரை நம்பியே எந்த மதத்துப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பிவைக்கின்றனர். மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்துக் கற்பிக்கும் நாம், தொலைபேசியிலும் அக்கதவைத் திறந்தே வைத்திருப்போமாயின் அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்களாவோம்.