மெத்தையைத் தூக்கிப் போடாதீங்க!

2022 டிசம்பர் 9, வெள்ளிக்கிழமை. மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடக்கப் போகிறது என்று டி.வி.யில் படம் போட்டுக் காட்டிக் கொண்டிருந்தார்கள். ஊரே கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்திருக்க, ஒத்தவாடைத் தெருப் பக்கம் சின்னதாக லாட்ஜ் நடத்தும் என் நண்பர் மட்டும் மாடிக் கூரையையே அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தார். ராத்திரி பத்தரை மணிக்கு மேல் ஆரம்பித்த பேயாட்டம் ஓய்வதற்கு ஒன்றரை மணி ஆயிற்று. இதற்குள் மாடியில் நாலு ஷீட், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. கீழே ஆறு ரூம். ஆறிலும் மழை.

விடிந்ததும் நம்ம ஆள் என்ன செய்தார்? நீங்களும் நானும் என்ன செய்வோமோ அதையேதான். பசங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுத் தண்ணீரைத் தள்ளி, தரையைக் கழுவி, நாற ஆரம்பித்த மெத்தைகளைக் குப்பை வண்டியில் ஏற்றி, கூரைக்குப் புது ஷீட் போட்டு... கிறிஸ்துமஸ் ஸீஸன் ஆச்சே! ரெண்டே நாளில் லாட்ஜ் பளபளவென்று ஆகிவிட்டது. மூன்றாம் நாள்தான் பீரோவில் இன்ஷூரன்ஸ் பாலிஸி தூங்குவது ஞாபகம் வந்தது. போன் போட்டார். பாரம் வந்தது. "சேதத்துக்குக் காரணம்?" என்ற கட்டத்தில் அவசரமாக ஒரே வார்த்தை எழுதினார்: 'வாட்டர் லீக்கேஜ்'.

தொலைந்தது.

சர்வேயர் வந்தார். தலை நரைத்த, நிதானமான மனுஷர்.

"எங்கே தம்பி சேதம்?"

"எல்லாம் சரி பண்ணிட்டேன் ஸார்."

"மெத்தை?"

"நாறிடுச்சு ஸார். தூக்கிப் போட்டுட்டேன்."

"பறந்து போன ஷீட்டு?"

"காயலான் கடைக்குப் போட்டாச்சு."

"அப்போ நான் எதைத் தம்பி பார்க்கறது... உங்களையா?"

சிரித்துக் கொண்டேதான் கேட்டாராம். ஆனால் நாலு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் சிரிப்பு இல்லை. 'கட்டடப் பராமரிப்புக் குறைவால் ஏற்பட்ட கசிவு பாலிஸியில் அடங்காது.' 3 லட்சத்து 40 ஆயிரம் கேட்டவருக்கு, பைசா கிடையாது!

கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் 'தண்ணீர் புகுந்ததா?' என்று கேட்பதில்லை. 'எப்படிப் புகுந்தது?' என்றுதான் கேட்கிறார்கள். புயல், வெள்ளம், சுனாமி இவையெல்லாம் பாலிஸியில் பெயர் சொல்லியே அச்சடித்திருக்கும். மாடித் தொட்டி வெடித்தாலும், பைப் உடைந்து வீடு குளமானாலும் உண்டு. ஆனால் வருஷக் கணக்காகச் சுவரில் ஊறி ஊறிப் பெயின்ட் உரிந்தால் கிடையாது. அது விபத்து இல்லை, சோம்பேறித்தனம் என்பது அவர்கள் கட்சி. நண்பரின் கதையில் நிஜமான காரணம் புயல். அவர் எழுதியதோ கசிவு. பொய் சொல்லிப் பணம் கேட்கிறவர்களைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். உண்மையைத் தப்பாகச் சொல்லிக் கோட்டை விடுகிறவர்கள் அதைவிட ஜாஸ்தி என்பது என் அபிப்பிராயம்.

சரி, பழைய கசிவைப் 'புயல்' என்று எழுதினால்? அந்த ஆசையே வேண்டாம். சுவர் காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளம் புகுந்த வீட்டில் நாலு சுவரிலும் ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கறை இருக்கும். மூலையில் வண்டல் இருக்கும். பழைய கசிவு அப்படியில்லை. வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாகப் படர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, கரும்பச்சையாகப் பூசணம் பிடித்திருக்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு வளையம்! மாமல்லபுரம், கோவளம் பக்கம் இன்னொரு தொல்லை, உப்புக் காற்று. பிரிட்ஜின் பின்பக்கம் புயலுக்கு முன்பே துருப்பிடித்திருக்கும். அது நேற்று வந்த துருவா, மூணு வருஷத் துருவா என்று சர்வேயருக்கு ஒரே பார்வையில் தெரியும்.

அதனால் தண்ணீர் வடிந்ததும் கையில் எடுக்க வேண்டியது துடைப்பம் இல்லை, செல்போன். சுவர்க் கோடு, உடைந்த ஜன்னல், ஷீட் போன இடத்தில் தெரியும் வானம் என்று எல்லாவற்றையும் படம் எடுங்கள். பிரிட்ஜ், டி.வி.க்குப் பின்னால் இருக்கும் மாடல் நம்பரை விடாதீர்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் நம்பர் வாங்கி எழுதி வையுங்கள். நனைந்ததை நடு வீட்டில் வைத்துக் கொண்டு நாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக் கொள்வது உங்கள் கடமை என்று பாலிஸியே சொல்கிறது. கூரைக்குத் தார்ப்பாய் கட்டுங்கள், பில்லை வைத்துக் கொள்ளுங்கள். மெத்தையை மொட்டை மாடியில் போடுங்கள். குப்பை வண்டிக்கு மட்டும், சர்வேயர் பார்க்கிற வரைக்கும், போகக் கூடாது.

இன்னொன்று. நனைந்த டி.வி.யை 'ஓடுதா பார்க்கலாம்' என்று ஸ்விட்சைப் போடாதீர்கள். வெள்ளத்தில் நனைந்து கெட்டால் ஒரு கணக்கு. ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்தால் வேறு கணக்கு. இரண்டாவதில் எரிந்த அந்த மெஷினுக்குப் பொதுவாகப் பணம் வராது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய காரை வெளியே இழுத்து, ஆர்வமாக ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் க்ளெய்மைக் கோட்டை விட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் அழுவார்கள்.

'எனக்கு ஏது ஸார் லாட்ஜ்? எனக்கு எதுக்கு இதெல்லாம்?' என்கிறீர்களா? பாங்க் லோனில் வீடு வாங்கியிருந்தால் அந்த பைலைத் தேடிப் பாருங்கள். லோன் கொடுக்கும்போதே பல பாங்குகள் வீட்டுக்கு ஒரு பாலிஸி எடுத்துவிடுகின்றன. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மாசா மாசம் தவணை கட்டுகிறவர்கள் உண்டு. வாடகை வீடு என்றால், சுவரை விட்டுவிட்டு உள்ளேயிருக்கும் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிலும் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்று ஒரே மாதிரியான வீட்டுப் பாலிஸி வந்திருக்கிறது. மனையின் விலை இதில் கணக்கில் வராது, கட்டுகிற செலவு மட்டும்தான். 800 சதுர அடி வீடு, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 16 லட்சம். அதில் 20 சதவிகிதம், அதாவது 3 லட்சத்து 20 ஆயிரம், உள்ளே இருக்கிற சாமான்களுக்கு. பட்டியல் கொடுக்காமலே தானாகச் சேரும் (உச்ச வரம்பு 10 லட்சம்). ஆனால் பணக்கட்டு நனைந்தால் அதற்கு வராது.

கடை, லாட்ஜ் சமாசாரம் வேறு. அங்கே 'ஆவரேஜ்' என்று ஒரு பூதம். சரக்கின் மதிப்பு 10 லட்சம், பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 5 லட்சத்துக்கு மட்டும் பாலிஸி எடுத்தீர்கள்; 2 லட்சத்துக்குச் சேதம். கைக்கு வருவது 1 லட்சம்! பாதிக்குத்தானே பிரீமியம் கட்டினாய், பாதியை வாங்கிக் கொண்டு போ என்கிறது கணக்கு. சிறு வியாபாரிகளுக்கான 'சூக்ஷ்ம' பாலிஸியில் 15 சதவிகிதம் வரை குறைவாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதற்கு மேலே போனால் பூதம்தான். வீட்டுப் பாலிஸியில் இந்தப் பூதம் கிடையாது என்பது ஒரு நிம்மதி.

நண்பர் கதைக்கு வருவோம். கடிதத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. லாட்ஜை வைத்துத்தான் தங்கச்சி கல்யாணக் கடன் ஓடிக் கொண்டிருந்தது. நாலாம் நாள் நானும் அவரும் உட்கார்ந்து கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினோம். புயல் கரை கடந்த தேதி, மணி, வானிலை மைய அறிக்கை. புது ஷீட் வாங்கிய பில், அதில் டிசம்பர் 10 என்ற தேதி. அதுவும் போதாது போலிருந்தது. அப்போதுதான் வாசலில் துணி காயப் போட்டுக் கொண்டிருந்த பையன் சொன்னான்:

"அண்ணே, அன்னிக்கு மூணாம் நம்பர் ரூம்ல ஒரு வெள்ளைக்காரரு தங்கியிருந்தாரே... ஷீட்டு பறக்கிறப்போ கட்டில் மேல ஏறி நின்னு வீடியோ புடிச்சாரே!"

ரிஜிஸ்தரைப் புரட்டி, ஈ-மெயில் அட்ரஸ் கண்டுபிடித்து எழுதினோம். ரெண்டு நாளில் வந்து சேர்ந்தது, நாற்பது விநாடிப் படம். தலைக்கு மேலே ஷீட் கிளம்புகிறது, மழை கொட்டுகிறது, அந்த ஆள் தன் பாஷையில் கடவுளைக் கூப்பிடுகிறார். சர்வேயர் மறுபடி வந்தார். இந்தத் தடவை காபி சாப்பிட்டார். தேய்மானம் கழித்து 2 லட்சத்து 10 ஆயிரம் வந்தது. குப்பை வண்டியில் போன ஆறு மெத்தைக்கு மட்டும் கடைசி வரை ஒன்றும் இல்லை.

கம்பெனி இறங்கி வராமல் இருந்திருந்தால்? சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாடு முழுவதும், புதுச்சேரி நகரமும் காரைக்காலும் அவர் எல்லை. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் இவரிடம் போகலாம். பீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கம்பெனிகளுக்குக் கெடுவும் வைத்திருக்கிறது: தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும், அது வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டின் காப்பியை நீங்கள் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நம் ஆட்கள் கேட்பதில்லை, அதுதான் கொடுமை.

நண்பர் இப்போது ரொம்ப உஷார். ஒவ்வொரு செப்டம்பரும் மழைக்கு முன்னால் லாட்ஜையும் வீட்டையும் மூலை முடுக்கு விடாமல் படம் எடுத்து, எனக்கு ஒரு செட் அனுப்பி வைக்கிறார். போன தடவை ஸ்டவ், மிக்ஸி, கிரைண்டர், இட்லிக் குண்டான் வரைக்கும் வந்திருந்தது. கடைசிப் படத்தில், இடுப்பில் கை வைத்துக் கொண்டு அவர் மனைவி.

"கல்யாணமாகி பதினாலு வருஷத்துல என்னை ஒரு போட்டோ எடுக்கத் தோணலை... மிக்ஸிக்கு நாலு ஆங்கிளா?"

அண்ணி கேட்டதற்கு நண்பர் என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. அடுத்த ரெண்டு நாள் அவர் சாப்பாடு என் வீட்டில்தான்.