கியூபாவுக்குப் பூட்டுப் போட்டது யார்?

கியூபா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட்டா? சுருட்டா? எனக்கு இப்போதெல்லாம் ஒரு சின்ன பன்தான் ஞாபகம் வருகிறது.

அந்த நாட்டில் 1962 முதல் குடும்பத்துக்கு ஒரு ரேஷன் புத்தகம் உண்டு. அதில் ஆளுக்குத் தினம் ஒரு பன். 2024 செப்டம்பரில் மாவு போதவில்லை என்று அந்த பன்னை 80 கிராமிலிருந்து 60 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். அதே வருஷம், 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பால் பவுடர் கொடுங்கள் என்று ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் கியூபா அரசே கேட்டது. அக்டோபரில் ஒரு பெரிய மின் நிலையம் நின்றுபோக, நாடு முழுக்கவே இருட்டு!

ஏன் இப்படி ஆச்சு? எங்கள் வீட்டில் இதைக் கேட்டால் சண்டைதான். "எல்லாம் அமெரிக்கா போட்ட தடையாலதான்" என்பார் மாமா. "கம்யூனிசம்னாலே அப்படித்தான்" என்பார் சித்தப்பா. சரி, நாமே படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் மாமா பக்கம். 1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றது. அடுத்த வருஷம் சோவியத் கச்சா எண்ணெய் கப்பலில் வந்தது. கியூபாவில் இருந்த வெளிநாட்டுக் கம்பெனிகள் அதைச் சுத்திகரிக்க மாட்டோம் என்றன. காஸ்ட்ரோ அந்த ஆலைகளையே எடுத்துக்கொண்டார். உடனே அமெரிக்கா கியூபாவின் சர்க்கரையை வாங்குவதை வெட்டியது. 1962 பிப்ரவரியில் ஜனாதிபதி கென்னடி ஏறக்குறைய மொத்த வியாபாரத்துக்கும் தடை போட்டார். இதன் நோக்கம் என்ன தெரியுமா? 1960 ஏப்ரலில் லெஸ்டர் மல்லோரி என்ற அமெரிக்க வெளியுறவு அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார். பணத்தையும் பொருளையும் நிறுத்தினால் பசியும் விரக்தியும் வரும், ஆட்சி கவிழும் என்பதுதான் அதன் சாரம். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

1992-ல் இன்னொரு சட்டம். கியூபாவில் சரக்கு இறக்கிய கப்பல் 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வரக்கூடாது. எந்தக் கப்பல்காரன் துணிவான்? 1996-ல் தடையையே சட்டமாக எழுதிவிட்டார்கள். ஜனாதிபதி நினைத்தாலும் தனியாக முழுசாக எடுக்க முடியாது. 2023-ல் ஐ.நா. பொதுச்சபையில் தடையை நீக்கச் சொல்லி 187 நாடுகள் ஓட்டுப் போட்டன. எதிர்த்தவை இரண்டே இரண்டு: அமெரிக்காவும் இஸ்ரேலும். ஆனால் ஒரு வேடிக்கை, 2000-ல் உணவுப் பொருளுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். ரொக்கம் கட்டினால் சரக்கு. கியூபாக்காரர் சாப்பிடும் கோழிக்கறியில் பெரும்பகுதி அமெரிக்கக் கோழிதான்!

இனி சித்தப்பா பக்கம். தடை இருந்தும் கியூபா முப்பது வருஷம் எப்படி ஓடியது? சோவியத் யூனியன் சர்க்கரையை உலக விலையைவிட அதிகம் கொடுத்து வாங்கியது, எண்ணெயைச் சலுகையில் தந்தது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனதும் கியூபாவின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு காலி. 1990 வாக்கில் வருஷத்துக்குச் சுமார் 80 லட்சம் டன் சர்க்கரை செய்த நாடு, 2023-ல் 4 லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை. கரும்பு தேசம் சர்க்கரையை இறக்குமதி செய்கிறது என்றால் பாருங்கள்!

இதற்கெல்லாம் தடை மட்டும் காரணமா? 1968-ல் பெட்டிக்கடை, சலூன், செருப்புத் தைக்கும் கடை உட்பட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னத் தொழில்களை அரசு எடுத்துக்கொண்டது. விவசாயி விளைச்சலில் பெரும்பங்கை அரசு சொன்ன விலைக்கு அரசிடமே கொடுக்க வேண்டும். தன் மாட்டைத் தானே இறைச்சிக்கு விற்றால் ஜெயில். 2021-ல்தான் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இதை வாஷிங்டனா போய்ச் சொன்னது?

எனக்குத் தெளிவு வந்தது வியட்நாமைப் படித்த பிறகுதான். அங்கேயும் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி. அங்கேயும் அமெரிக்கத் தடை. ஆனால் 1986-ல் 'தோய் மோய்' என்று சீர்திருத்தம் தொடங்கி, நிலத்தையும் விளைச்சலையும் படிப்படியாக விவசாயி கையில் விட்டார்கள். அதுவரை அரிசி வாங்கிக்கொண்டிருந்த நாடு 1989-ல் பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. அமெரிக்கா தடையை எடுத்தது 1994-ல்! அதாவது தடை இருக்கும்போதே வயல் விளைந்தது. இதைச் சொன்னதும் மாமா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

உடனே சித்தப்பா ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தடையால் ஆட்சி கவிழவில்லையே! எது கெட்டாலும் 'அமெரிக்காதான் காரணம்' என்று சொல்ல ஹவானாவுக்கு ஒரு சாக்குதான் கிடைத்தது. ஒபாமா 2015-ல் தூதரகத்தைத் திறந்து, 2016-ல் ஹவானாவுக்கே போனார். ஊரில் தனியார் ஓட்டல், டாக்ஸி என்று கொஞ்சம் உயிர் வந்தது. 2017-லிருந்து டிரம்ப் மறுபடி இறுக்கினார். 2021 ஜனவரியில் கியூபாவைப் பயங்கரவாத ஆதரவு நாடுகள் பட்டியலில் திரும்பச் சேர்த்தார். அந்தப் பட்டியலில் இருந்தால் வெளிநாட்டு பேங்குகளே பணம் அனுப்பப் பயப்படும். 2025 ஜனவரி 14-ல் பைடன் அதை நீக்குவதாக அறிவித்தார். 20-ஆம் தேதி பதவியேற்ற டிரம்ப் அன்றைக்கே அதை ரத்து செய்தார். ஆறு நாள்!

இதற்குள் இளைஞர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2024 முடிவில் ஒரு கோடிக்கும் கீழே போய்விட்டதாக கியூபா அரசின் கணக்கே சொல்கிறது.