மெனுவைக் காய்கறி முடிவு பண்ற ஹோட்டல்

பேரை முதல்ல 'செஸ் பனிஸ்ஸே'ன்னு படிச்சுட்டு ஒரு வாரம் சுத்தினேன். 'ஷே பனீஸ்' என்பதுதான் சரி. பிரெஞ்சில் 'பனீஸ் வீட்டுல' என்று அர்த்தம். மார்செல் பன்யோலின் பழைய சினிமாக்களில் வரும் ஒரு கேரக்டர்தான் பனீஸ். ஆனா ஹோட்டல் இருப்பது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில்.

ஆரம்பித்தவர் ஆலிஸ் வாட்டர்ஸ். பெர்க்லி யுனிவர்சிட்டியில் படிக்கும்போது 1965-ல் பிரான்ஸ் போனார். அங்கே தெருமுனை பிஸ்ட்ரோக்களில் காலையில் சந்தைக்கு என்ன வந்ததோ, அதுதான் மதியச் சாப்பாடு. நம்ம ஊர்லயும் அதே மாதிரி ஒண்ணு வேணும்னு 1971 ஆகஸ்ட் 28-ல் நண்பர்களோடு கடையைத் திறந்தார். வயசு 27. முதல் நாள் ஆலிவ் போட்ட வாத்துக்கறி, பிளம் பழ டார்ட் எல்லாம் சேர்த்து 3.95 டாலர்.

சிக்கல் அப்புறம்தான். சமையல் முறை பிரெஞ்சு. காய்கறி அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுடையது. லாரியில் தூரம் போகணும்னு காயாகவே பறித்தது. ரெசிபியை அப்படியே பண்ணினாலும் ருசி வராது. அதனால் பிரான்ஸிலிருந்து கீரை விதை கொண்டுவந்து வீட்டுக் கொல்லையிலேயே விதைத்தார். பக்கத்து சோனோமாவில் லாரா செனெல் செய்த ஆட்டுப்பால் சீஸ் சாலட்டுக்கு வந்தது. 1976 அக்டோபரில் அங்கே செஃப்பாக இருந்த ஜெரெமையா டவர் ஒரு விருந்து வைத்தார். மெனு பிரெஞ்சில் இல்லை, இங்கிலீஷில். இறால் எந்த விரிகுடா, சிப்பி எந்த விரிகுடா என்று ஊர் பேரோடு.

கீழ்த்தளத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரே மெனு. (நம்ம மெஸ்ஸும் அப்படித்தான், ஆனா அங்கே அடுத்த நாள் மாறும்.) வழக்கமான ஹோட்டலில் அவுட்புட்டை முதலில் ஃபிக்ஸ் பண்ணிட்டு இன்புட்டைத் தேடுவாங்க. இங்கே தலைகீழ். எத்தனை பேர் வருவாங்கன்னு ரிசர்வேஷனில் தெரியும், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அதனால் அளவா வாங்கலாம், வீணாவது குறையும். மிச்சமாகும் காசில் நல்ல சரக்கை விவசாயி கேட்கிற விலைக்கே வாங்கலாம்.

எனக்கு உறுத்துவது ஒண்ணுதான். இன்னைக்குக் கீழே சாப்பிட 100 டாலருக்கு மேல் ஆகும். ஸ்டூடண்ட்ஸ் வந்து உட்காரும் தெருக்கடையா இதுன்னு கேட்டா, இல்லை. 1980-ல் மாடியில் கஃபே திறந்தாங்க. அங்கே கார்டு பார்த்து ஆர்டர் பண்ணலாம், செலவும் குறைவு. 1995-ல் பெர்க்லியிலேயே ஒரு மிடில் ஸ்கூலில் வாட்டர்ஸ் தோட்டமும் சமையலறையும் தொடங்கிவைத்தார். அங்கே பசங்க தாங்களே விதைச்சு, பறிச்சு, சமைச்சு, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுறாங்க.