வரிச்சலுகைக்கு மவுசு குறைந்த பிறகு

ஹனோய்க்கு அருகே பாக் நின் மாகாணத்தில் 2009-இல் சாம்சங் நிறுவனம் கைபேசி தயாரிக்கத் தொடங்கியது. தாராளமான வரிச்சலுகை காட்டித்தான் வியட்நாம் அரசு அந்த ஆலையைக் கொண்டுவந்தது. இன்று சாம்சங் கைபேசிகளில் ஏறத்தாழப் பாதி வியட்நாமில் உருவாகின்றன.

2018-இல் சீனப் பொருட்கள் மீது அமெரிக்கா வரி போடத் தொடங்கியதும் வியட்நாமுக்கு வெளிநாட்டு ஆலைகளின் வரவு வேகமெடுத்தது. சீனாவை விட்டுவிடவும் முடியாமல், அதை மட்டுமே நம்பவும் முடியாமல் தவித்த நிறுவனங்களுக்கு வியட்நாம் தோதாக அமைந்தது. எல்லை தாண்டி உதிரிபாகங்கள் லாரியிலேயே வந்துவிடும், கூலியும் குறைவு. ஃபாக்ஸ்கான், லக்ஸ்ஷேர் என்று மின்னணுத் தயாரிப்பாளர்கள் பலரும் அங்கே விரிவடைந்தார்கள்.

அந்தத் தோதே பிறகு தலைவலியானது. வியட்நாமின் ஏற்றுமதியில் சுமார் 70 சதவீதம் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுடையது. விலை உயர்ந்த பாகங்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வருவதால், உள்ளூரில் தங்கும் வருமானம் குறைவு. 2025 ஏப்ரலில் வியட்நாம் சரக்குக்கு 46 சதவீத வரி என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் அறிவித்தார். ஜூலையில் அதை 20 சதவீதமாகக் குறைத்தபோதும், பிற நாட்டுச் சரக்கை வியட்நாம் வழியாக அனுப்பினால் 40 சதவீதம் என்றார். பாகங்கள் எங்கே செய்யப்பட்டவை என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

மின்சாரமும் சோதித்தது. 2023 கோடையில் வடக்கு வியட்நாமின் நீர்மின் அணைகள் வற்றி, தொழிற்பேட்டைகள் மின்வெட்டில் தவித்தன. இழப்பு சுமார் 140 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அரசு விழித்துக்கொண்டது, நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வடக்கே செல்லும் 500 கிலோவோல்ட் மின்பாதையை விரைந்து கட்டி 2024 ஆகஸ்டில் முடித்தது.

இதற்கிடையே வரிச்சலுகை என்ற பழைய தூண்டிலும் மழுங்கியது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்ற உலக விதியை 2024 முதல் வியட்நாம் நடைமுறைப்படுத்தியது. இந்த விதிப்படி, வியட்நாம் விட்டுக்கொடுக்கும் வரியை அந்த நிறுவனத்தின் தாய்நாடு வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே அந்த வரியைத் தானே வசூலிக்கத் தொடங்கிய ஹனோய், முதலீட்டு ஆதரவு நிதி ஒன்றையும் உருவாக்கியது. ஆராய்ச்சி, ஊழியர் பயிற்சி போன்றவற்றுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அந்த நிதி ஏற்கும்.

நல்ல திருப்பம்தான். ஆனால் அந்த நிதியின் நிபந்தனைகள் உயர்தொழில்நுட்பத்தில் பெருந்தொகை போடும் நிறுவனங்களுக்கே பொருந்துகின்றன. பிளாஸ்டிக் உறையும் அச்சுவார்ப்பும் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கு அது எட்டாது. சாம்சங்குக்குப் பாகம் கொடுக்கும் தரத்துக்கு உயர, அவற்றுக்கும் இயந்திரம் வாங்கக் கடனும் பயிற்சியும் வேண்டும்.