உஷார்! பெயின்டுக்கு அடியில் வெடிப்பு

யாழ்ப்பாணத்தின் குடத்தனை, அம்பன், நாகர்கோவில் பக்கம் மணல் ஏற்றும் பழைய டிப்பர் உங்களிடம் இருக்கிறதா? அப்படியொன்றைப் பாவித்த வாகனமாக வாங்கப் போகிறீர்களா? காசைக் கொடுக்கமுன் கீழே படுத்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் மினுங்கும் அந்த வாகனத்தின் செசி வெடித்திருக்கலாம். வெடித்த செசியோடும் டிப்பர் வழமைபோலவே ஸ்டார்ட் ஆகும், வழமைபோலவே பாரம் இழுக்கும். முறிகிற அன்றைக்கு அது மணல் மேட்டில் நிற்குமோ, பருத்தித்துறை வீதியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஓடுமோ, யார் கண்டது?

பழைய வாகனத்தைத் தூக்கி எறியாத ஊர் எங்களுடையது. தட்டிவானை ஓடவைத்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள். அந்தக் கைத்திறனில் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் காருக்குப் பாரம் நாலைந்து பேர்தான், டிப்பருக்கு அப்படியல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இருந்த லொறிகளையே ஒட்டி ஒட்டி ஓட்டினார்கள். 2025இல் இறக்குமதி திறந்த பிறகும் புது வாகனத்தின் விலை சிறு முதலாளிக்கு எட்டவில்லை. ஓய்வு கொடுத்திருக்க வேண்டிய செசிகள் இன்றும் சுமக்கின்றன.

ஒரு கியூப் மணல் என்றால் 100 கன அடி. காய்ந்த மணலென்றால் ஏறக்குறைய நாலரைத் தொன். மாரியில் நனைந்த மணல் ஐந்து தொன்னைத் தாண்டும். நனைந்ததை மூன்று கியூப் ஏற்றினால் கண்ணுக்கு அதே அளவுதான், செசிக்கோ இரண்டு தொன் வரை கூடுதல். இந்தப் பாரத்தோடு டிப்பர் தார் வீதிக்கு ஏறுமுன் மணலுக்குள் ஊர்ந்து வர வேண்டும். ஒரு பக்கச் சில்லு புதையும், எதிர்ப்பக்கம் எழும்பும், செசி முறுகும். அடுத்த பள்ளத்தில் மறுபக்கமாக முறுகும். ஒரு தடவை முறுகினால் இரும்புக்கு ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கான தடவை முறுகும்போது, ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமையே உடைத்துவிடுகிறது. வெல்டிங் ஒட்டுகளுக்குப் பொறியியலாளர் வைத்திருக்கும் பொதுக் கணக்கு இதைவிடப் பயங்கரம்: ஒட்டில் ஏறி இறங்கும் விசை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். பாதி அல்ல, எட்டில் ஒன்று!

இதற்குமேல் உப்பு. கடற்கரை ஈரமணல் செசிக்கும் தொட்டியைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவில் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கிறது. துரு தின்ற குழியிலிருந்து வெடிப்பு கிளம்பும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் இரவில் ஏற்றி, பொலிசுக்குப் பயந்து பற்றைக்குள்ளால் பறக்கும் வாகனங்களின் அடியில் டோர்ச் அடித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. கபினுக்குப் பின்னால் தொட்டிச் சட்டம் தொடங்கும் இடம் முதலாவது. ஸ்பிரிங் தாங்கிகள், குறுக்குச் சட்டம் செசியோடு சேரும் மூலைகள், தொட்டி திரும்பும் பின் கீல் ஆகியவற்றையும் விடாதீர்கள். சேற்றைக் கழுவி, கம்பித் தூரிகையால் உரசிவிட்டுப் பாருங்கள். றிவெட்டைச் சுற்றிச் செம்புழுதி வழிந்திருந்தால் அது இளகிவிட்டது. ஈரமணலில் நேராக ஓட்டிச் சில்லுத் தடத்தையும் கவனியுங்கள். பின் சில்லு ஒரு பக்கமாக விலகி ஓடினால் செசியோ அச்சோ நேராக இல்லை. கபினில் காந்தம் பிடிக்காத இடமெல்லாம் புட்டி. உள்ளே இரும்பு இருக்கிறதா என்பதே சந்தேகம்.

எனக்கு அதிகம் பயம் தருவது வெடிப்பை விட, அதை ஒட்டுகிற விதம். “தகடு வைச்சு ஒட்டினா இன்னும் ஐஞ்சு வருசம் ஓடும் அண்ணை” என்கிறார்கள். வெடிப்பின் நுனியைத் தேடாமல், மேலே சதுரத் தகட்டைப் போட்டுச் சுற்றிவர வெல்டிங் அடிக்கிறார்கள். தகடு முடியும் கோட்டில் விசை குவிந்து, அங்கேயே புது வெடிப்பு தொடங்கும். முறையான வேலை வேறு: நுனியில் சிறு துளை இட்டு, வெடிப்பை வி வடிவில் குடைந்து, ஈரமில்லாத குறை-ஹைட்ரஜன் வெல்டிங் கூரால் ஒட்டி, மட்டமாக அராவி, பிறகே முனை சாய்வாக வெட்டிய தகடு. தகடு பூட்டவென்று செசியின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவே கூடாது. சூடாக்கிப் பதப்படுத்திய இரும்பாலான செசிக்குக் காஸ் விளக்குப் பிடித்து நிமிர்த்தினால் அதன் பலமே போய்விடும். அப்படிப் பலம் போனதை மாற்றுவதுதான் வழி.

முதலாளிமாரே, தகுதிச் சான்றிதழ் எடுத்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அது பரிசோதித்த நாளுக்கு மட்டும்தான். சாரதித் தம்பிமாரே, தூக்கிய தொட்டிக்குத் தாங்குகட்டை வைக்காமல் அடியில் நுழையாதீர்கள். வெடிப்பைக் கண்டால் அன்றைக்கே பாரம் இறக்கி வாகனத்தை நிறுத்துங்கள். இந்த மாரி தொடங்கமுன் ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு டிப்பரையும் கழுவிப் பாருங்கள்.