அணையாத அபாய மணி

மாணவர்களே, சிலிபின் சாலையில் மோட்டார் சைக்கிளில் செல்பவரின் முன்னே திடீரென ஒரு லாரி குறுக்கிடுகிறது. யோசிப்பதற்கு முன்பே அவர் கை பிரேக்கைப் பிடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ஏன்?

மூளையின் ஹைப்போதலமஸ் பகுதி ஆபத்துச் சமிக்ஞையை அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலினையும் பிறகு கார்டிசோலையும் இரத்தத்தில் கலக்கின்றன. அட்ரினலின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. கார்டிசோல் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. ஆபத்து நீங்கியதும் இவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் கடன் சுமை, நிரந்தரமில்லாத வேலை, மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் ஆகியவை லாரியைப் போல் கடந்து போவதில்லை. அபாய மணி மாதக்கணக்கில் ஒலிக்கிறது. உயர்ந்தே இருக்கும் அழுத்தம் இரத்தக் குழாய்களின் சுவரைப் பாதிக்கிறது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் கூடுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. நீரிழிவுக்கு வழி திறக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைகிறது. தூக்கம் கெடுகிறது. மறதி, எரிச்சல், மனச்சோர்வு தொடர்கின்றன.

பெரிய பதவியில் இருப்பவருக்குத்தான் மன அழுத்தம் அதிகம் என்று நினைக்கிறோம். 1967இல் லண்டன் அரசு ஊழியர்களிடையே தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் கடைநிலை ஊழியர்களிடமே அதிகம். புகைபிடித்தல் போன்ற பழக்கங்கள் இதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, தம் வேலையை எப்படிச் செய்வது என்று தாமே முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருவதைக் கண்டது. வேலைப் பளு மட்டுமல்ல, ‘என் கையில் எதுவும் இல்லை’ என்ற நிலையும் உடலை அரிக்கிறது.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டு. உப்பு, உடல் பருமன், பரம்பரை எனக் காரணங்கள் பல. நீடித்த மன அழுத்தமும் நிலைமையை மோசமாக்கும்.

ஈப்போ அருகே 1911 முதல் இயங்கும் மனநல மருத்துவமனையை வைத்து, “தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ” என்று கேலி பேசுகிறோம். அந்தக் கேலிக்குப் பயந்தே பல பெரியவர்கள் உதவி கேட்பதில்லை. அதை நாம் நிறுத்தலாம்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ பல வாரங்களாகத் தூங்காமல், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், அது உங்கள் குற்றமல்ல. அதைச் சரிசெய்வதும் உங்கள் தலைப்பொறுப்பல்ல. மாலையில் சேர்ந்து நடக்க அழையுங்கள். அரசு கிளினிக்கில் இரத்த அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555ஐ எழுதிக் கொடுங்கள். நம்பும் ஆசிரியரிடமும் பேசுங்கள்.